அன்று காற்று மேற்கிலிருந்து வந்தது

என் தங்கை வடிவு செத்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியைக் கையில் எடுத்த அந்த நொடி வரை எனக்கு அது தெரியாது.

மதுரையிலிருந்து டிரங்க் கால். செல்லூரில் தறி வைத்திருக்கும் அவள் கணவன் சொக்கன் பேசினான்.

"மச்சான், வடிவுக்குப் பிள்ளை பெறந்துருச்சு. பொம்பளப் பிள்ளை."

"நல்லது மாப்ள."

"நல்லதில்ல மச்சான். ரத்தம் நிக்க மாட்டேங்குது."

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. வைகையின் வடகரையில் இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு மருத்துவம் பார்த்த டாக்டரே தொலைபேசியை வாங்கிப் பேசினார். வடிவுக்கு அபூர்வமான ரத்தவகையாம். எல்லோருக்கும் சேரும் என்று சொல்லப்படுகிற ரத்தம்கூட அவளுக்குச் சேராதாம். என்னுடையது சேராது என்பது எனக்கே தெரியும்; விமானி உரிமத்துக்காக எப்போதோ சோதித்தது. மதுரையில் அந்த வகை எவரிடமும் இல்லை. கோயம்புத்தூரில் ஒரே ஒருவர் இருக்கிறார், ஏதோ அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் சோதித்தபோது தெரியவந்தவர். ஆளை அங்குள்ள டாக்டர்கள் பிடித்துவிட்டார்கள். பொருந்துகிறதா என்று இங்கே வைத்துச் சோதிக்க வேண்டும், தேவைக்குத் தகுந்தபடி எடுக்க வேண்டும். அதனால் பாட்டில் போதாது, ஆளே வர வேண்டும்.

"மதியத்துக்கு மேல் என்னால் எதுவும் உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

எழுபதுகளின் கடைசி அது. தை மாதம். நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பறப்புப் பயிற்சிக் கழகத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அடியார்களே, நம் கிருத்திகைக் குழுவின் மலருக்கு அனுபவம் எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்கும்போதெல்லாம் நான் நழுவியதற்குக் காரணம் உண்டு. மலரில் வரும் அனுபவங்களை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். என்னுடையதையும் நீங்கள் அப்படியே படிக்கலாம். எனக்கு வருத்தமில்லை.

சந்தேகம் எனக்குத் தொழில் கொடுத்த குணம். பெட்ரோல் மானி நிறைந்திருப்பதாகக் காட்டினால் நான் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்ப்பேன். வானிலை அறிக்கை தெளிவான வானம் என்றால் அண்ணாந்து பார்ப்பேன். மெக்கானிக் "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று சிரித்தால் கட்டாயம் பார்ப்பேன். சாமியிடமும் அதே கணக்குத்தான். கோவிலுக்குப் போவேன், வரிசையில் நிற்பேன், திருநீறு பூசுவேன். வேண்டிக்கொள்வதில்லை. மனு போட்டால் எத்தனை நாளில் பதில் வரும் என்று எழுதி வைக்காத இடத்தில் மனு போட எனக்கு மனம் வராது.

அன்றைக்கு மதுரைக்கு ஒரு பெரிய தலைவர் வருகிறார். மேற்கிலிருந்து ஊருக்குள் வரும் சாலையெல்லாம் ஊர்வலம். காரில் புறப்பட்டால் சாதாரண நாளிலேயே மதியம் தாண்டும். விமான நிலையத்தைச் சிறு விமானங்களுக்கு மூடிவிட்டார்கள். ஊரைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டு அதற்குள் யாரும் பறக்கக் கூடாது என்று அறிவிப்பு வேறு. அந்த அறிவிப்பை வரி விடாமல் படித்திருந்தவன் என்பதால் அதன் விளிம்பு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. யானைமலைக்குக் கிழக்கே, திருவாதவூர் போகும் வழியில் முடிகிறது. அங்கேதான் உலகப்போர்க் காலத்தில் போட்ட ஒரு சரளைக்கல் ஓடுதளம் பொட்டலில் கிடந்தது. கிழக்கு மேற்காக, குட்டையாக. அதன் மேற்கு முனையில் கால் வைத்தால் தடை வட்டம் ஆரம்பம்.

அங்கே இறங்கினால் மேலூர்ச் சாலை. பாலம் கடக்க வேண்டாம், ஊர்வலத்தில் மாட்ட வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி.

சொக்கனை மறுபடி பிடித்தேன்.

"மாப்ள, நீ இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஒரு டாக்சிய எடுத்துக்கிட்டு அந்த ஓடுதளத்துக்குப் போ. ஆடு மாடு, ஆளு, எதுவும் குறுக்க இருக்கக் கூடாது. ஒரு கம்பத்துல வெள்ளைத் துணி கட்டு. காத்து எப்படி இருக்குன்னு எனக்கு மேலேர்ந்து தெரியணும்."

"கட்டிருவேன் மச்சான். துணி விசயத்த எங்கிட்ட விட்டுருங்க."

துணி விஷயத்தில் அவனை நான் சந்தேகப்படவில்லை. நெசவாளியிடம் துணியைப் பற்றி என்ன சந்தேகம்? அன்றைக்கு நான் சந்தேகப்படாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் அனுமதி வாங்கினேன். எந்தப் படிவத்தை முதலில் நீட்டினால் எந்தக் கேள்வி வராது என்பது எனக்குத் தெரியும். "வட்டத்துக்கு வெளியே உங்கள் பொறுப்பு. உள்ளே வந்தால் எங்கள் பொறுப்பு" என்றார் மதுரை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்து அதிகாரி. மரியாதையான மிரட்டல். உள்ளே நுழைந்தால் சுட்டுவிடமாட்டார்கள். ஆனால் இறங்கியதும் என்னையும் பயணியையும் உட்கார வைத்து விசாரிப்பார்கள். அது முடியச் சாயங்காலம் ஆகும். வடிவுக்குச் சாயங்காலம் இல்லை.

பயணி வந்தார். நாற்பது வயதுக்கு மேல், திடகாத்திரமான ஆள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் இறுக்கிப் பிடித்த ஒரு மஞ்சள் பை. சென்னியப்பன் என்று வைத்துக்கொள்வோம். ஏன் பெயரை மாற்றினேன் என்பது பின்னால் புரியும். புண்ணாக்கு, பருத்திக்கொட்டை வியாபாரம்.

காரிலிருந்து இறங்கியவர் முதலில் நாலு பக்கமும் பார்த்தார்.

"ஏனுங்க சார், இதுல போலீசு கீலீசு விசாரிப்பாங்களாங்க?"

"எதுக்கு விசாரிக்கணும்?"

"சும்மா கேட்டனுங்க. பேப்பர்ல பேரு கீது வருமுங்களா?"

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை மணி அடித்தது. "பையில என்ன?" என்றேன்.

"சாமி சாமானுங்க."

"திறந்து காட்டுங்க. விமானத்துல ஏத்துற எதையும் நான் பாக்கணும். விதி."

"அதெல்லாம் தெறக்கப்படாதுங்க." பையை இன்னும் நெஞ்சோடு அணைத்தார். "தெறந்துதான் ஆகோணும்னா நா வர்லீங்க. கார் நிக்குது, போய்க்கறனுங்க."

யாரிடமும் விதியை விட்டுக்கொடுக்காத நான் அந்தப் புண்ணாக்கு வியாபாரியிடம் விட்டுக்கொடுத்தேன். அவர் உடம்பில் ஓடியது என் தங்கையின் உயிர். ஏறுங்கள் என்றேன். ஏறும்போதும் பையைக் கீழே வைக்கவில்லை.

ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை. பக்கத்து ஜன்னலைத் திறக்கலாம். வானில் ஏறிச் சமமானதும் என் மூளை பையையே சுற்றியது. தங்கமா? தங்கம் கொண்டுபோகிறவன் திருநீறு பூசிக்கொண்டு வருவானா? வருவான், பொருத்தமாகவே இருக்கும்.

வலப்பக்கம் பழனி மலை தெரிந்தது. சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "பழனிக்குத்தானுங்க போறன்னு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திண்டுக்கல் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, அந்தத் தலைவரு கூட்டம் எந்தப் பக்கமுங்க நடக்குது?"

"ஏன்?"

"மேல இருந்து பாத்தாத் தெரியுமுங்களா?"

"தெரியாது. எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதானுங்க."

சும்மா என்ற சொல்லை நான் ஒருநாளும் நம்பியதில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பையில் இருப்பது துண்டுப் பிரசுரம். கூட்டத்தின் மேல் போகும்போது ஜன்னலைத் திறந்து கொட்டப் போகிறார். நாளைக்குச் செய்தித்தாளில் என் உரிமமும் என் மானமும் சேர்ந்து பறக்கும். என் தங்கையின் ரத்தவகையே ஒருவேளை ஏற்பாடு செய்த கதையோ என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். சந்தேகம் முற்றினால் அப்படித்தான். தன் வீட்டுச் சாவையும் அது சோதித்துப் பார்க்கும்.

ஊரை விட்டு வடக்கே ஒதுங்கி, அழகர்மலையைச் சுற்றிக் கிழக்கே போனேன். தெற்கே மங்கலில் மீனாட்சி கோவில் கோபுரங்கள் நாலும், அதற்கப்பால் திருப்பரங்குன்றத்துப் பாறையும் தெரிந்தன. எல்லாம் வட்டத்துக்குள். விமான நிலையக் கோபுரத்து அதிகாரி வானொலியில் காற்றைச் சொன்னார்: வடகிழக்கு, ஓரளவு பலமாக.

எனக்கு ஆகாத காற்று.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும். எதிர்க்காற்று பிடித்து நிறுத்தும். பின்காற்று தள்ளிக்கொண்டே போகும். காற்று கிழக்கிலிருந்து வந்தால், நான் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி இறங்க வேண்டும். மேற்கில் தடை வட்டம். உள்ளே நுழையாமல் இறங்க முடியாது. வட்டத்தை மதித்துக் கிழக்கிலிருந்து இறங்கினால் பின்காற்று. அந்தக் குட்டை ஓடுதளம் போதாது. முடிவில் இருக்கும் வாய்க்காலில்தான் நிற்போம். சென்னியப்பனின் ரத்தம் யாருக்கும் உதவாமல் அங்கேயே போய்விடும்.

விளிம்பை ஒட்டிச் சுற்றினேன். திருவாதவூர்க் கண்மாயைப் பார்த்தேன். தண்ணீரில் அலை தெரிந்தால் கீழே காற்று எப்படி என்று சொல்லிவிடலாம். கண்மாய் முழுக்க ஆகாயத்தாமரை. எங்கேயாவது புகை இருக்கிறதா என்று தேடினேன். அடுப்பெல்லாம் அவிந்த நேரம். ஓடுதளம் தெரிந்தது. டாக்சி தெரிந்தது. சொக்கன் கட்டிய வெள்ளைத் துணியும் தெரிந்தது.

துணியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஒரு கம்பத்தில் ஓரத்தைக் கட்டிப் பறக்க விடுவான் என்று நினைத்தேன். அவன் இரண்டு கம்பம் நட்டு, நடுவில் எட்டு முழ வேட்டியைப் பாவு நீட்டியதுபோல் நாலு முனையும் இழுத்துக் கட்டியிருந்தான். ஒரு சுருக்கம் இல்லை. தொய்ந்து படபடக்கிற துணியை எந்தச் செல்லூர் நெசவாளியும் ஊருக்குக் காட்டமாட்டான். மேலிருந்து அருமையாகத் தெரிந்தது. புயலே அடித்தாலும் அது அசைந்திருக்காது.

ஓடுதளத்தின் ஓரத்தில் கூட்டம் வேறு. பெண்கள். நெல் அம்பாரம். அந்தப் பொட்டலில் இறுகிய சமதரை அது ஒன்றுதான். அறுவடை மாதத்தில் சுற்று வட்டாரத்துக்கே அதுதான் களம். யாரும் இருக்கக் கூடாது என்று சொல்லியும் கேட்கவில்லை.

அதுவரை நான் செய்த எல்லாம் சரியாக இருந்தது. அனுமதி சரி. கணக்கு சரி. பெட்ரோல் சரி. இனி செய்ய எதுவும் பாக்கி இல்லை. இருந்த இரண்டு வழியிலும் வடிவு செத்துப்போவாள்.

அப்போதுதான் வேண்டினேன். தென்மேற்கே முருகன் இருக்கும் அந்தத் திருப்பரங்குன்றத்துப் பாறை மங்கலாகத் தெரிந்தது. உரக்கத்தான் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"முருகா, விதியெல்லாம் எனக்குத் தெரியும். காற்று உனக்குத்தான் தெரியும். என் தங்கச்சியைக் குடுத்துரு."

அவ்வளவுதான். நேர்த்திக்கடன் இல்லை, பேரம் இல்லை. வாழ்க்கையில் முதல் மனு.

சென்னியப்பனுக்கு என் வாய் அசைந்தது தெரிந்திருக்க வேண்டும். அவர் சட்டென்று பைக்குள் கையை விட்டார்.

"கைய வெளிய எடுங்க!" என்று கத்தினேன். "எடுங்கன்னா! ஜன்னலத் தொட்டீங்க, கொன்னுருவேன்!"

அவர் கை வெளியே வந்தது. விரல் நிறையத் திருநீறு. "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே என் நெற்றியில் அழுத்திப் பூசினார். பாதி என் கண்ணிலும் மூக்கிலும். பொட்டலம் அவிழ்ந்து சாம்பல் விமானத்துக்குள் புகையாகச் சுழன்றது. விமானிக்குக் கண்ணில் தூசு விழக் கூடாது என்று எந்த விதிப்புத்தகத்திலும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் வரும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். தும்மினேன். கண்ணைக் கசக்கினேன். புகைக்குத் தப்பித் தலையைப் பக்கத்து ஜன்னலோரம் சாய்த்துக் கீழே பார்த்தேன்.

கீழேயும் ஒரு புகை.

பொன்னிறத்தில், மெல்லிசாக. ஒரு பெண் சொளகைத் தலைக்கு மேல் தூக்கி நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தாள். நெல் நேராகக் கீழே விழ, பதர் ஒரு நீண்ட வாலாகப் பிரிந்து போனது. கிழக்கே போனது.

நான் நம்பவில்லை. ஒரு வட்டம் அடித்துத் திரும்ப வந்து பார்த்தேன். இப்போது இரண்டு சொளகு. இரண்டு வால். இரண்டும் கிழக்கே.

காற்று மேற்கிலிருந்து வந்தது.

தை மாதத்தில், முற்பகலில், வடகிழக்கென்று கோபுரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பொட்டலில் மட்டும் மேற்குக் காற்று. தடை வட்டத்தைத் தொடாமல் கிழக்கிலிருந்து வந்து, எதிர்க்காற்றில், விதிப்படி இறங்கலாம். எனக்கு வேறென்ன வேண்டும்? கிழக்கே போய்த் திரும்பினேன். பனைமரங்களின் தலையை உரசுவதுபோல் வந்து முதல் சரளையிலேயே சக்கரத்தை வைத்தேன். காற்று மார்பில் கைவைத்து நிறுத்துவதுபோல் நிறுத்தியது. மேற்கு முனைக்கு முன்னாலேயே நின்றுவிட்டோம்.

எஞ்சினை அணைத்தேன். கதவைத் திறந்தேன். முதலில் ஓடிவந்தது சொக்கன் இல்லை. சொளகோடு ஒரு பெண்.

"ஏரோப்ளேன் ஓட்டுறவுகளா நீங்க? கண்ணு தெரியுதா இல்லையா? தூத்துன நெல்லுல அம்புட்டும் புழுதியா அடிச்சுட்டீகளே!"

"பாண்டியம்மாக்கா, விடுக்கா, உசுரு சமாச்சாரம்" என்று சொக்கன் பின்னாலேயே வந்தான்.

"ஒனக்கென்னப்பா! காலையிலேர்ந்து ஒரு பொட்டுக் காத்து இல்ல. சொளக வச்சுக்கிட்டுக் குத்தவச்சு ஒக்காந்துருந்தோம். இப்பத்தான் ஒரு காத்து வந்துச்சு. நாலு சொளகு தூத்தல, இவரு வந்துட்டாரு."

நான் கீழே இறங்கி அவள் முன்னால் நின்றேன்.

"எப்ப வந்துச்சுன்னு சொல்லுங்க, காத்து?"

"அதான், ஒங்க ஏரோப்ளேனு மேல சுத்துச்சுல்ல, அப்பத்தான்." கையைத் தூக்கிப் பார்த்தாள். "இந்தா, போச்சு. நின்னும் போச்சு. நல்லா இருக்குய்யா ஒங்க நாயம்!"

இரண்டு கம்பத்துக்கு நடுவே சொக்கனின் வேட்டி விறைத்து நின்றது.

"துணி நல்லாத் தெரிஞ்சுச்சா மச்சான்?" என்றான்.

"அருமையாத் தெரிஞ்சுச்சு மாப்ள. கோழிக்கோட்டுலேர்ந்தே தெரிஞ்சுருக்கும்."

அவனுக்குப் பெருமை. எல்லோரும் டாக்சியில் ஏறிப் பறந்தோம். பின்சீட்டில் சென்னியப்பன் பையைத் திறந்தார். திருநீற்றுப் பொட்டலங்கள், ஒரு டப்பா பஞ்சாமிர்தம், ஒரு சின்ன வேல். பிரசுரம் இல்லை. தங்கம் இல்லை.

"எங்கூட்டுக்காரிக்கு ரத்தங் குடுக்கறதுன்னாலே பயமுங்க. ஆம்பளைக்குத் தெம்பே போயிருமுன்னு சொல்லுவா. கெஞ்சிப் பாத்தனுங்க, விடலீங்க. அதான் பழனிக்கு மொட்டையடிக்கப் போறன்னு சொல்லிட்டு வந்தனுங்க. பிரசாதமெல்லாம் எங்க ஊர்லயே வாங்கிட்டனுங்க. பேப்பர்ல பேரு வந்தா மாட்டிக்குவனுங்களே, அதுக்குத்தான் கேட்டேன்."

"தலைவர் கூட்டம் எங்கன்னு எதுக்குக் கேட்டீங்க?"

"எம்மச்சினன் அந்தக் கட்சிங்க. கூட்டத்துக்கு வந்திருப்பானுங்க. மேல இருந்து பாத்துருவானோன்னு..."

"அவரு கீழ நிப்பாருங்க. நீங்கதான் மேல இருந்தீங்க."

"பயத்துல அதெல்லாம் தோணுமுங்களா?"

நான் கொலைகாரன்போல் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீங்க பயந்து கத்துனீங்கன்னு நெனச்சனுங்க. அதான் கொஞ்சம் சேத்துப் பூசுனேன்" என்றார்.

ரத்தம் பொருந்தியது. அவர் படுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு எழுந்து, வேண்டுமானால் இன்னும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். டாக்டர் அதட்டிப் படுக்க வைத்தார். நான் வராந்தாவில் நின்றேன். சொக்கன் என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றான். ஊருக்குள் எங்கோ தலைவரை வாழ்த்தி வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். "நின்றுவிட்டது" என்றார்.

ஒரே ஒரு சொல். சொக்கன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வடிவு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள்: "அண்ணே, நீயா ஓட்டிட்டு வந்த? பாத்து வந்தியா?"

"பாத்துத்தான் வந்தேன்" என்றேன்.

அன்றிரவே என்னைத் தேடி இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். தடை வட்டத்தை ஒட்டி ஏன் இத்தனை தடவை சுற்றினேன் என்று கேட்டார்கள். காகிதம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவர்கள் பார்வை எனக்கு நன்றாகவே தெரிந்த பார்வை. காலையில் மஞ்சள் பையை நான் பார்த்த அதே பார்வை. வட்டத்துக்குள் ஒரு அடிகூட வரவில்லை என்பதை மதுரைக் கோபுரத்திலேயே சொல்லிவிட்டார்கள். காற்றைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் சென்னியப்பனுக்கு மொட்டை அவசியம். மயிரோடு வீட்டுக்குப் போக முடியாது. திருப்பரங்குன்றம் கூட்டிப்போனேன். அவருக்கு முடிந்ததும் அவர் உட்கார்ந்திருந்த பலகையில் நானும் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு என்ன வேண்டுதல் சார்?" என்றார் நாவிதர்.

"வேண்டுனது கிடைச்சுருச்சு. இது ரசீது" என்றேன்.

அடியார்களே, கதையை இங்கே முடித்தால் மலருக்கு அழகாக இருக்கும். ஆனால் நான் என் குணத்தை ஒரே நாளில் விட்டவன் இல்லை. அந்தக் காற்றைப் பல வருடம் துரத்தினேன். வானிலை ஆட்களைக் கேட்டேன். ஒருவர் விளக்கம் சொன்னார். ஓடுதளத்துக்குக் கிழக்கே, கண்மாய்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் சூடாகி அங்கே காற்று மேலே எழும்பியிருக்கும். அந்த இடத்தை நிரப்ப ஓடுதளத்துப் பக்கமிருந்த காற்று கிழக்கே ஓடியிருக்கும். சில நிமிடம் மேற்குக் காற்றுபோல் இருந்திருக்கும். நல்ல விளக்கம். குற்றம் சொல்ல இடமில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே ஏதோ பறிபோனதுபோலவும் இருந்தது.

அந்த விளக்கம் கிடைத்த வருடம் பொங்கலுக்குச் செல்லூர் போனபோது வடிவிடம் இதைச் சொன்னேன். அவள் மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வடிவு பொறுமையாகக் கேட்டாள். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"சரிண்ணே" என்றாள். "பொட்டல் சூடாகித்தான் காத்து வந்துச்சு. ஒத்துக்கிறேன். எனக்கு முடியலன்னு அந்தப் பொட்டலுக்கு யாரு போய்ச் சொன்னா?"

சொக்கன் தறியிலிருந்தபடியே சிரித்தான்.

அன்றிலிருந்து வேண்டுகிறேன். ஒவ்வொரு கிருத்திகைக்கும் குன்றத்துக்குப் போகிறேன். தை மாதத்தில் சென்னியப்பன் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார். இருவரும் சேர்ந்து மொட்டை அடிக்கிறோம். அவர் மனைவி இன்றுவரை பழனி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் பெயரை மாற்றினேன். இந்த மலர் கோயம்புத்தூருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

என்னைப்போல் சந்தேகப் பிராணிகள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதினேன். சந்தேகத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்கே வரவில்லை. பெட்ரோலைக் குச்சி விட்டுப் பாருங்கள். பையைத் திறந்து பாருங்கள். செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்யுங்கள். எல்லாம் செய்து முடித்தும் இரண்டு வழியும் அடைபட்டால், வெட்கப்படாமல் அவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து கீழே பாருங்கள். என் விஷயத்தில் பதில் வானத்தில் எழுதியிருக்கவில்லை. களத்தில் நான் விரட்டச் சொன்ன பெண்களின் சொளகிலிருந்து வந்தது.

இப்போதும் திருவாதவூர்ப் பக்கம் பேருந்தில் போகும்போது யாராவது நெல் தூற்றிக்கொண்டிருந்தால் எழுந்து நின்று கும்பிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் கோவில் எங்கே என்று எட்டிப் பார்க்கிறார்கள்.